வெளிநாட்டில் வாழும்போது தொழில் வாய்ப்பு கண்ணில் படுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

புதுவரவு எழுதியது:

வணக்கம். வேலைக்காக வெளிநாடு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. சம்பளம் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தமாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை இங்கே வந்த பிறகு அதிகமாகிவிட்டது. தெருவில் நடந்தாலே "அட, இது இங்கே இல்லையே, கொண்டுவந்தால் ஓடுமே" என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

தோன்றுவதை எல்லாம் போனில் குறித்து வைத்தேன். இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் 23 யோசனை. வீட்டுக்கே வந்து ரிப்பேர் செய்து தருவது, துணி திருத்தித் தருவது, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பழைய தட்டுமுட்டுச் சாமான் வாங்கி விற்பது, புதிதாய் வருகிறவர்களின் காகித வேலைகளுக்கு உதவுவது என்று பட்டியல் நீள்கிறது. ஒருநாள் பார்த்தால் எல்லாமே ஓடும் போல் இருக்கிறது. மறுநாள் பார்த்தால் எதுவுமே ஓடாது போல் இருக்கிறது.

வெளிநாட்டவராக இருந்து தொழில் செய்தவர்கள், தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள். எது உண்மையான வாய்ப்பு, எது சொந்த ஊர் ஏக்கம் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்?

கடல்பறவை எழுதியது:

"இங்கே இல்லை" என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது வாய்ப்பா இல்லையா என்று பேசவே ஆரம்பிக்கலாம். உங்கள் பட்டியலில் துணி திருத்துவது இருக்கிறதே, அதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். அதனால் அதையே சொல்கிறேன்.

எனக்குத் தையல் நன்றாக வரும். வந்த புதிதில் ஒரு பேண்டின் நீளத்தைக் குறைக்க நாற்பது நிமிடம் பஸ்ஸில் போனேன், ஒன்பது நாள் காத்திருந்தேன். இவ்வளவு பெரிய ஊரில் இதற்கு ஆள் இல்லையா என்று ஆச்சரியம். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு மூன்று நாளில் திருத்திக் கொடுப்பதாக அறிவித்தேன். முதல் இரண்டு மாதம் ஆர்டர் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் நண்பர்கள், இல்லையென்றால் அவர்களுடைய நண்பர்கள். அப்புறம் நின்றுவிட்டது.

மாடியில் இருந்த ஒரு வயதான அம்மா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாள் நிதானமாகச் சொன்னார். பேண்ட் கிழிந்தால் அவர் புதிது வாங்கிக்கொள்வாராம். என் கூலியில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடுகிறதாம். அந்த ஊரில் தையல்காரர் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். யாருக்கும் தோன்றாமல் விட்டுப்போன யோசனை இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்ட யோசனை. துணி எங்கோ மலிவாகத் தைக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. ஒரு மனிதரின் ஒரு மணி நேரம் கப்பலில் வராது, அது அந்தந்த ஊர்ச் சம்பளத்தில்தான் கிடைக்கும். சம்பளம் உயர்ந்த நாடுகளில் ஆள் வைத்துச் செய்யும் வேலை ஏன் விலை ஏறிப்போகிறது என்பதை பலாசா, சாமுவெல்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1964லேயே தனித்தனியாக விளக்கி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பணம் போன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் தையலை விடவில்லை. புதிதாக வாங்கவே முடியாத துணி யாரிடம் இருக்கிறது என்று தேடினேன். ஒரு நடனக் குழுவின் மேடை உடைகள் கிடைத்தன. பதினெட்டுப் பேருக்கு ஒரே மாதிரி தைத்தது, அதே துணி இப்போது சந்தையில் இல்லை. ஒரு உடை கிழிந்தால் பதினெட்டையும் மாற்ற வேண்டும். அங்கே என் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு வந்தது. ஏழு வருடமாக அவர்களுக்கும் இன்னும் இரண்டு நாடகக் குழுக்களுக்கும் செய்து வருகிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

பழைய சாமான் வாங்கி விற்பது பற்றி யாராவது சொல்லுங்களேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய பெட்டி எழுதியது:

சொல்கிறேன். ஐந்து வருடம் செய்தேன்.

பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். படிப்பு முடித்தவர்கள் ஜூன் கடைசியில் கிளம்புவார்கள். நல்ல கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் குப்பைத் தொட்டி அருகே நிற்கும். புதிதாய் வருகிறவர்கள் செப்டம்பரில் வெறும் தரையில் படுத்துக்கொண்டு அதே மாதிரிக் கட்டிலைத் தேடுவார்கள். இதைப் பார்க்கிற யாருக்கும் "வாங்கி விற்கலாமே" என்று தோன்றும். எனக்கு முன்னாலேயே நாலைந்து பேர் இறங்கிப் பார்த்திருந்தார்கள். யாரும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை.

முதல் கோடையில் எனக்கும் நஷ்டம்தான். பொருள் இலவசமாகவே கிடைத்தது. விற்கவும் ஆள் இருந்தது. நடுவில் இரண்டு மாதம் அதை வைக்க இடம் இல்லை. வாடகைக் கிடங்கு எடுத்தால் கட்டிலில் வரும் லாபம் அந்த வாடகைக்கே போய்விடும். என்னுடைய தொழில் மரச்சாமான் விற்பது இல்லை, ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் ஒரு இடம் தேடிப் பிடிப்பதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. கோடையில் பூட்டிக் கிடக்கும் இடம் எது என்று தேடினேன். ஒரு நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக்கூடம் விடுமுறையில் காலியாக இருந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சின்ன வாடகைக்குக் கொடுத்தார்கள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு காலி செய்து தருவேன்.

இன்னொன்று, திருகாணி. கட்டிலைக் கழற்றும்போது அதன் ஆணிகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே கட்டிலின் பக்கப் பலகையில் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் முழுக் கட்டிலையும் படம் எடுத்து, பலகையில் எண் எழுத வேண்டும். அரை வட்டம் சுற்றினால் பூட்டிக்கொள்ளும் ஒரு குட்டி உலோக உருளை உண்டு. அதில் ஒன்று தொலைந்தால் முழுக் கட்டிலும் விறகுதான், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. முதல் வருடம் எல்லா ஆணியையும் ஒரே வாளியில் போட்டு வைத்தேன். பதினோரு கட்டிலைச் சேர்த்துப் பூட்ட முடியாமல் போனது.

யோசனை ஊரில் எல்லாரிடமும் இருந்தது. நான் வாழ்ந்தது அந்தப் பயிற்சிக்கூடத்தாலும் இந்த ஆணிப் பைகளாலும்தான்.

கணக்குப்புத்தகம் எழுதியது:

பேச்சு சுவாரசியமாகப் போகும்போது குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். சிறு தொழில்களுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. யோசனை நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், புதுவரவு, உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது? வேலை விசா என்றால் பெரும்பாலும் அந்த ஒரு முதலாளியிடம் அந்த ஒரு வேலை செய்யத்தான் அனுமதி.

அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இருப்பவர், அவருக்காக விண்ணப்பித்த கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். இன்னொரு கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அதில் உட்கார்ந்து வேலை செய்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டியவர்கள் உண்டு. பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது. பகுதி நேர வேலைக்கு மணிக்கணக்கு அனுமதி இருக்கிறதே என்று நினைத்து, இணையத்தில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்தாலும் அது மீறல்தான்.

எஸ்தோனியாவின் மின்வசிப்பு (e-Residency) அட்டை பற்றி என்னிடம் வாரம் ஒருவராவது கேட்கிறார். 2014 டிசம்பரில் தொடங்கிய திட்டம். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் அங்கே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து நடத்தலாம், உண்மைதான். ஆனால் அது அங்கே போய் வாழும் உரிமையைத் தராது. நீங்கள் வாழும் நாட்டில் வேலை செய்யும் உரிமையையும் தராது. வரி எங்கே கட்ட வேண்டும் என்பதையும் அந்த அட்டை தீர்மானிக்காது. பல நாடுகளில் வருடத்துக்கு 183 நாள் தங்கினால் அந்த நாட்டு வரிக்காரர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கும் குறைவாகத் தங்கினாலும் குடும்பம், வீடு அங்கே இருந்தால் உங்களை அந்த நாட்டு வரிக்காரராக எடுத்துக்கொள்ளும் சட்டங்களும் உண்டு.

கம்பெனியை யார் பெயரில் வைப்பது என்பது அடுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021 வரை, ஃப்ரீ சோன் எனப்படும் தனி வணிக மண்டலங்களுக்கு வெளியே பெரும்பாலான தொழில்களில் 51 சதவீதம் உள்நாட்டவரிடம் இருந்தாக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பல தொழில்களில் வெளிநாட்டவரே முழுதாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. தாய்லாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்தால் அது வெளிநாட்டுக் கம்பெனி. பல துறைகளில் அது தனி உரிமம் இல்லாமல் இறங்க முடியாது. உள்நாட்டவர் ஒருவரின் பெயரை மட்டும் போட்டு ஒப்பேற்றுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விசா போனால் தொழில் மட்டும் போகாது. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சேர்ந்து போகும்.

புதுவரவு எழுதியது:

கணக்குப்புத்தகம், நன்றி. என் அனுமதியை எடுத்துப் படித்தேன். முதலாளியின் பெயர் போட்டிருக்கிறது, சுயதொழில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்சம் மனம் சோர்ந்துவிட்டது, மறைக்கவில்லை. மொழி அரைகுறை, சட்டம் தெரியாது, தெரிந்த ஆட்கள் இல்லை. இந்த நாட்டில் பிறந்தவரைவிட எல்லா விதத்திலும் பின்தங்கி நிற்கும் ஒருவருக்கு, அவர்கள் கண்ணில் படாதது ஏன் படப்போகிறது?

நூலகத்தூண் எழுதியது:

பின்தங்கி நிற்பதாலேயே பட்டிருக்கிறது, நண்பரே. எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

மைக்கேல் மார்க்ஸ். ரஷ்யப் பேரரசில் இருந்து இங்கிலாந்துக்கு வந்த யூதர், கையில் பணமோ வாயில் ஆங்கிலமோ அதிகம் இல்லாதவர். மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றார். 1884இல் லீட்ஸ் நகரத்தின் கிர்க்கேட் சந்தையில் ஒரு மேஜை போட்டார். சந்தை என்றால் பேரம் பேச வேண்டும், பேரம் பேச மொழி வேண்டும். அவரிடம் அது இல்லை. அதனால் ஒரு பென்னிப் பொருள்களை எல்லாம் தனியாகப் பிரித்து வைத்து, "விலை கேட்காதீர்கள், எல்லாம் ஒரு பென்னி" என்று எழுதி மாட்டினார். கூட்டம் அந்தப் பலகைக்கே வந்தது. பேரத்துக்குக் கூச்சப்படும் மக்கள் உள்நாட்டவரிலும் ஏராளம் என்பது அந்தப் பலகை தொங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும். 1894இல் தாமஸ் ஸ்பென்சர் பங்குதாரராகச் சேர்ந்தார். பிரிட்டனின் பெரிய கடைத் தொடரான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெயர் அங்கிருந்து வந்தது.

மார்க்ஸ் ஊரில் எது குறை என்று தேடிப் பட்டியல் போடவில்லை என்பதைப் பாருங்கள். தன்னால் முடியாத ஒன்றைச் சுற்றிப் போக வழி தேடினார். அந்த வழி மற்றவர்களுக்கும் வசதியாக அமைந்துவிட்டது.

இன்னொன்று, லீவை ஸ்ட்ராஸ் கதை. பவேரியாவில் பிறந்து 1847இல் நியூயார்க் போய், தங்க வேட்டைக் காலத்தில், 1853இல், சான் பிரான்சிஸ்கோவில் துணி மொத்த வியாபாரம் தொடங்கியவர். ஜீன்ஸ் என்றால் அவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பேண்டின் பை கிழியாமல் இருக்கச் செம்பு ஆணி அடித்தவர் அவர் இல்லை. நெவாடாவின் ரீனோ ஊரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர். அவரும் வெளிநாட்டவர்தான், ரீகாவில் பிறந்தவர். தொழிலாளி ஒருவரின் மனைவி வந்து, கணவருக்குக் கிழியாத பேண்ட் ஒன்று வேண்டும் என்று கேட்டதில் தொடங்கியது அது. காப்புரிமைக்குச் செலவு செய்ய டேவிஸிடம் வசதி இல்லை. 1872இல் தனக்குத் துணி அனுப்பும் வியாபாரியான ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று இருவருக்கும் சேர்த்துக் காப்புரிமை கிடைத்தது.

நம் காலத்திலேயே ஒன்று சொல்கிறேன். லண்டனில் இருந்த இரண்டு எஸ்தோனியர்கள். ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். இன்னொருவருக்குச் சம்பளம் பவுண்டில், கட்ட வேண்டிய வீட்டுக்கடன் எஸ்தோனியாவில். வங்கி வழியாக அனுப்பினால் இருவருக்குமே நஷ்டம். ஒருவர் மற்றவருடைய கணக்கில் போட்டுச் சரிக்கட்டிக்கொண்டார்கள், பணம் எல்லையையே தாண்டவில்லை. 2011இல் அதைத் தொழிலாக்கினார்கள். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப இன்று வைஸ் என்ற பெயரில் இருக்கும் நிறுவனம் அதுதான். லண்டனில் பிறந்து லண்டனில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மாதாமாதம் அந்த வலி வந்திருக்காது.

நேர்பேச்சு எழுதியது:

நூலகத்தூண் சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் ஜெயித்தவர்களின் கதையை மட்டும் கேட்டு யாரும் வேலையை விட்டுவிடக் கூடாது. அதே சந்தையில் மேஜை போட்டுக் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள் முதலில் நினைப்பது, தங்களைப் போலவே வந்திருக்கும் சொந்த மக்களுக்கு விற்கலாம் என்பதுதான். மொழிப் பிரச்சினை இல்லை, நம்பிக்கை இருக்கும், தொடங்குவதும் எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் மொத்தம் முந்நூறு குடும்பம் என்றால் அதுதான் உங்கள் சந்தையின் சுவர். தள்ளுபடி கேட்பதும் கடன் சொல்வதும் அவர்கள்தான், கேட்டால் மனஸ்தாபம் வேறு. அதே தொழிலை அடுத்து வருகிறவரும் அதே காரணத்தால் எளிதாகத் தொடங்கிவிடுவார். சொந்த மக்களிடம் தொடங்குவதில் தவறே இல்லை. இரண்டாவது வருடம் வேற்று மொழி பேசும் ஒருவர், யார் சொல்லியும் வராமல், தானாக வந்து பணம் கொடுத்தாரா என்று பாருங்கள். என் டியூஷன் மையத்துக்கு அப்படி ஒருவர்கூட வரவில்லை. மூன்றாவது வருடம் மூடினேன்.

மழைத்தூறல் எழுதியது:

புதுவரவு, உங்கள் பட்டியலில் கடைசியாக இருக்கும் காகித வேலை உதவி, அதுதான் என் தொழில். விரிவாகவே எழுதுகிறேன்.

வசிப்பிட அட்டை கொடுக்கும் அலுவலகத்தின் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதம். கவுண்டரில் இருந்தவர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டினார். மொழிபெயர்ப்பை எடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தைப் பேனா முனையால் இரண்டு முறை தட்டிவிட்டு எல்லாவற்றையும் திருப்பித் தள்ளினார். அந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மூன்று மாதம் முன்னால் அதே பேனா என் காகிதத்திலும் தட்டியிருந்தது.

பிறப்புச் சான்றிதழை வெளிநாட்டில் காட்ட வேண்டும் என்றால், பெரும்பாலும் அதை வழங்கிய நாட்டில், அதில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் அந்த ஒரு முத்திரை போதும், தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. அவள் முத்திரையும் வாங்கியிருந்தாள், அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பும் வாங்கியிருந்தாள். வரிசைதான் தப்பு. மொழிபெயர்ப்பு முதலில், முத்திரை பிறகு. அதனால் மொழிபெயர்ப்பில் முத்திரையின் வாசகம் இல்லை. அந்த அலுவலகத்துக்கு அது முழுமையான மொழிபெயர்ப்பு ஆகாது. எல்லாக் காகிதமும் கையில் இருந்தும் ஆறு வாரம் வீண்.

அன்றைக்கு அவளை ஓரமாக உட்கார வைத்து, குழந்தையை நான் வாங்கிக்கொண்டு, எதற்குப் பிறகு எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவள் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினாள். நாலு பேரும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மூன்று விஷயத்தை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

புதிதாய் வந்தவர்களிடம் பணம் இல்லை. வந்த மாதம்தான் அவர்களுக்கு வாழ்க்கையிலேயே அதிகச் செலவு வரும் மாதம். அதோடு ஒருமுறைதான் வருவார்கள், வேலை முடிந்தால் அடுத்த தேவை கிடையாது. முதல் வருடம் இதனால் தடுமாறினேன். பிறகு ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் ஆபீசில் இருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டில் இருந்து ஆள் எடுக்கிறார்கள். வந்தவர் வங்கிக் கணக்கு திறக்க முடியாமல், வீடு கிடைக்காமல், மூன்று வாரம் வேலையில் மனம் இல்லாமல் அலைகிறார். அந்த நஷ்டம் கம்பெனிக்கு நேராகத் தெரிகிறது. கஷ்டப்படுகிறவர் ஒருவர், அதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர் வேறொருவர். இப்போது என் வருமானத்தில் பெரும்பகுதி கம்பெனிகளிடம் இருந்துதான்.

சட்ட ஆலோசனை என்ற கோட்டைத் தாண்டவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முறையான பதிவோ உரிமமோ வேண்டும். நான் எந்த விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. கூடப் போவேன், மொழி பேசுவேன், காகிதத்தை வரிசைப்படுத்துவேன், நேரம் பதிவு செய்வேன். விசாக் கேள்வி வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் அனுப்புவேன்.

மூன்றாவது, இந்தத் தொழிலுக்கு மூலதனம் என் நினைவுதான். அந்தப் பேனா என்னையும் தட்டியிராவிட்டால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்போனுக்குத் திரும்பியிருப்பேன்.

ஒற்றைத்துடுப்பு எழுதியது:

கணக்குப்புத்தகம் சொன்ன "பெயர் மட்டும்" விஷயத்தில் அடிபட்டவன் நான். எந்த நாடு, என்ன தொழில் என்பது வேண்டாம். எனக்கு அனுமதி இல்லாததால் உள்நாட்டு நண்பர் ஒருவர் பெயரில் பதிவு செய்தோம். பணம் என்னுடையது, உழைப்பு என்னுடையது, நல்ல மனிதர் என்று நம்பிக் கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. இரண்டாவது வருடம் லாபம் வர ஆரம்பித்ததும் ஒரு திங்கட்கிழமை காலை என் சாவி கதவில் சேரவில்லை, பூட்டை மாற்றியிருந்தார்கள். போலீசுக்குப் போனால் சட்டத்தை மீறியவன் நான்தான் என்று ஆகியிருக்கும். அப்படியே திரும்பி நடந்தேன்.

உள்நாட்டுப் பங்குதாரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பங்குதாரர் கிடைத்தால் பத்து வருட மொழியும் உறவும் சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் அவர் உண்மையிலேயே பங்குதாரராக இருக்க வேண்டும். முதலும் போட்டு, நஷ்டத்திலும் பங்கெடுத்து, எழுத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குச் சட்டப்படி இடம் இல்லாத தொழில் என்றால் இடம் வரும்வரை காத்திருங்கள்.

கடல்பறவை எழுதியது:

ஒற்றைத்துடுப்பு, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதியதற்கு நன்றி.

மழைத்தூறல் சொன்ன நினைவு பற்றி ஒன்று. வியன்னாவில் வான்டோர், ஃபிராங்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர்களின் தொழில் யோசனைகள், போவதற்கு முன் அவர்கள் சொன்னவற்றைவிட மேம்பட்டிருந்தன. ஊரிலேயே இருந்த மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரண்டு இடத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒப்பிட ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கண் சீக்கிரம் மங்கிவிடும். முதல் மாதம் என்னை அழவைத்த தானியங்கி டிக்கெட் இயந்திரம் இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. கை தானாகப் பொத்தானை அமுக்குகிறது. புதுவரவு, உங்களுக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது, உங்களுக்கும் பாதி மறைந்திருக்கும். இந்த மாதம் வந்து இறங்கியவர்களோடு ஒரு நாள் சுற்றுங்கள். யோசனை எதையும் சொல்லாமல், "இது நல்லா இருக்குமா" என்று கேட்காமல், கடைசியாக எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அப்போது என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு நேரமோ பணமோ போனது என்று மட்டும் கேளுங்கள். ஆசைக்காக யாரும் தலையாட்டுவார்கள். போன வாரம் அதற்குக் காசு செலவழித்தாரா என்பதில் பொய் வராது.

பழைய பெட்டி எழுதியது:

அதோடு பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர் ஒருவரையும் கேளுங்கள். ஏன் இது இல்லை என்ற பதில் அவரிடம்தான் இருக்கும். பயிற்சிக்கூடம் கோடையில் பூட்டிக் கிடக்கும் என்று எனக்குச் சொன்னது அங்கே இருபது வருடம் காவல் பார்த்த மனிதர்.

புதுவரவு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாரும் சொன்னதை அப்படியே செய்தேன்.

23 யோசனையையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஏன் இல்லை" என்று எழுதப் பார்த்தேன். பதினாறுக்கு எனக்குக் காரணமே தெரியவில்லை. அதாவது அந்தப் பதினாறைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஐந்துக்குக் காரணம் கடல்பறவையின் கூலிக் கணக்குதான். மிச்சம் இரண்டு.

எனக்குப் பிறகு வந்தவர்கள் ஆறு பேரிடம் பேசினேன். என் இரண்டு யோசனையையும் யாரும் தொடவில்லை. ஆனால் ஆறில் நாலு பேர், கேட்காமலே, ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வாடகை வீட்டுக்குள் நுழையும் நாளில் சுவரில் எங்கே கீறல், எந்தக் கதவு சரியில்லை என்று ஒரு படிவம் கொடுக்கிறார்கள். மொழி புரியாமல் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். காலி செய்யும்போது அந்தப் பழைய கீறலுக்கெல்லாம் முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரண்டாவது வீட்டுக்கு மாறும்போது, மொழி தெரிந்த ஒரு ஆளுக்குக் காசு கொடுத்துக் கூட அழைத்துப் போயிருக்கிறார். எனக்கும் அதே மாதிரி பணம் போனது, போன வருடம். என் பட்டியலில் அதை எழுதவே இல்லை.

ஊரிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவரிடம் இதற்கு ஏன் ஆள் இல்லை என்று கேட்டேன். அவர்கள் அந்தப் படிவத்தைப் பெற்றோருடன் போய் நிரப்புவார்களாம், அதனால் அது ஒரு பிரச்சினை என்றே தோன்றியதில்லையாம்.

போன சனிக்கிழமை, காசு எதுவும் வாங்காமல், ஒரு நண்பருக்காக அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். நாற்பத்தேழு படம் எடுத்தேன். சமையலறை இழுப்பறையின் அடியில் தண்ணீர் ஊறி உப்பியிருந்ததைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னபோது வீட்டு ஏஜென்ட் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். மொத்தம் ஐம்பது நிமிடம் ஆனது.

என் அனுமதியில் இதற்கு இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த அனுமதிக்கு மாற வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று கேட்க வியாழக்கிழமை ஒரு வழக்கறிஞரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை யாரிடமும் ஒரு காசு வாங்கப் போவதில்லை. கணக்குப்புத்தகம், அவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்று இங்கே எழுதி வையுங்கள். அச்சடித்து எடுத்துப் போகிறேன்.